மூச்சுக்குழாய் போடுமுன் கொடுக்கும் மருந்துகள், இதயத்திலும் மூளையிலும் என்ன செய்கின்றன? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் யாருக்காவது பெரிய ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் ஈப்போ ஜி.எச்.சுக்குத்தான் (அரசாங்கப் பெரியாஸ்பத்திரி) எழுதிக் கொடுப்பார்கள். கடிதம் கையில் வந்ததும் குடும்பத்துக்கு முதல் கவலை கத்தியைப் பற்றி இருக்காது, மயக்க ஊசியைப் பற்றித்தான் இருக்கும். "அப்பாவுக்கு இதயம் பலவீனம், மயக்கம் தாங்குவாரா?" என்று கேட்காத வீடு இல்லை. ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்துப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் இந்தக் கேள்விகள் சாப்பாட்டுக் கடையிலும் கோயில் வாசலிலும் என்னைத் தேடி வருகின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். மருந்தின் அளவுகளை விஷயம் புரிவதற்காக மட்டும் சொல்கிறேன். உங்கள் வீட்டு நோயாளிக்கு எது, எவ்வளவு என்பதை அவரை நேரில் பார்க்கும் மயக்க மருந்து மருத்துவர் முடிவு செய்வார்.

குழாய் போடுவது என்றால் சரியாக என்ன செய்கிறார்கள்?

முழு மயக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்துவிடும், மூச்சும் அடங்கிவிடும். அதனால் வாய் வழியாக ஒரு பிளாஸ்டிக் குழாயைக் குரல்நாண்களுக்கு நடுவே மூச்சுக்குழலுக்குள் இறக்கி, மெஷினோடு இணைக்கிறார்கள். வழி தெரிய வேண்டுமே, அதற்கு லாரிங்கோஸ்கோப் என்ற கருவி. கைப்பிடி, அதன் முனையில் வளைந்த தகடு, தகட்டில் விளக்கு. இன்றும் பரவலாகப் புழங்கும் வளைந்த தகட்டை ராபர்ட் மாக்கின்டாஷ் 1943-இல் அறிமுகப்படுத்தினார். திறமையான கையில் வேலை அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

நோயாளிதான் தூங்குகிறாரே, அப்புறம் இதயம் ஏன் படபடக்கிறது?

விழிப்பு வேறு, உடம்பின் அனிச்சைச் செயல் வேறு. விழிப்பு மூளையின் மேற்பகுதியின் வேலை. தூக்க மருந்து முதலில் மூடுவது அதைத்தான். நாக்கின் அடிப்பகுதி, குரல்வளை மூடி, மூச்சுக்குழல் இவற்றின் உணர்வைச் சுமந்து போகும் 9-ஆம், 10-ஆம் மூளை நரம்புகள் மூளைத்தண்டில் போய் முடிகின்றன. அந்த இடம் இதயத் துடிப்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கட்டுப்பாட்டு அறை. நோயாளிக்கு ஒன்றும் தெரியாமலேயே அது விழித்துக்கொள்ளும்.

தகடு நாக்கின் அடியை அழுத்தித் தூக்கும்போது, அந்த இழுப்பே பெரிய தூண்டுதல். மூளைத்தண்டு உடனே, ஆபத்து நேரத்தில் உடம்பை உசுப்பிவிடும் பரிவு நரம்புகளை ஏவிவிடும். நரம்பு முனைகளில் நோர்அட்ரினலின், சிறுநீரகத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து அட்ரினலின். சில வினாடிகளில் ஏற்றம் ஆரம்பிக்கும், ஒன்று இரண்டு நிமிடத்தில் உச்சம் தொடும், ஐந்து முதல் பத்து நிமிடத்தில் தானாக இறங்கிவிடும். இதை ரீட், பிரேஸ் என்ற இருவர் 1940-இலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

திரையில் பார்த்தால் இப்படித்தான் இருக்கும். உள்ளே வரும்போது 150 இருந்த மேல் அழுத்தம், தூக்க மருந்து ஏறியதும் 105-க்கு வந்து நிற்கும். தகடு உள்ளே போகும். அடுத்த அளவீட்டில் 185. துடிப்பு 70-இலிருந்து 110. யாரும் பதற மாட்டார்கள், மருத்துவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மயக்க வாயுவைக் கொஞ்சம் கூட்டுவார். மறு அளவீட்டில் 140. எதிர்பார்த்த ஒன்றுதான், அதனால்தான் மருந்தை முன்கூட்டியே ஏற்றி வைத்திருந்தார்கள்.

இந்த இரண்டு நிமிட ஏற்றம் எல்லாருக்கும் ஆபத்தா?

இல்லை. குடல்வால் ஆபரேஷனுக்கு வந்திருக்கும் இருபது வயதுப் பையனுக்கு இது ஒன்றுமே இல்லை. ஃபுட்சால் ஆடும்போது இதைவிட அதிகமாக ஏறும்.

கவலைப்பட வேண்டியவர்கள் வேறு. இதய ரத்தக் குழாய் அடைப்பு உள்ளவருக்குத் துடிப்பு வேகமாவதுதான் முதல் எதிரி. இதயத் தசைக்கு, குறிப்பாக இடப்பக்கத்துக்கு, இரண்டு துடிப்புக்கு நடுவே ஓய்வெடுக்கும் நேரத்தில்தான் ரத்தம் கிடைக்கிறது. துடிப்பு கூடினால் அந்த ஓய்வு சுருங்கும். அதே சமயம் இதயத்தின் வேலையும் கூடும். வரவு குறைந்து செலவு ஏறினால் என்ன ஆகும் என்று தோட்டத்துச் சம்பளம் வாங்கியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மூளை ரத்தக் குழாயில் பலூன் மாதிரி வீக்கம் உள்ளவருக்கு அழுத்தம் திடீரென ஏறினால் அது வெடிக்கலாம். பெருந்தமனி கிழிந்திருப்பவருக்கும் அப்படியே. கர்ப்பகால ரத்தக் கொதிப்பு முற்றிய தாய்மார்களுக்கு மூளையில் ரத்தக் கசிவு வரும் அபாயம் உண்டு. கண்ணில் திறந்த காயம் உள்ளவர்கள், தலைக்குள் அழுத்தம் ஏறியவர்கள், இவர்களும் இந்தப் பட்டியல்தான்.

சின்னப் பிள்ளைகளுக்கும் இப்படித்தானா?

பிள்ளைகளுக்குச் சில சமயம் தலைகீழாகவும் நடக்கும். அவர்களிடம், துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் கை ஓங்கியிருப்பதால், தொண்டையைத் தொட்டதும் துடிப்பு இறங்கிவிடலாம். கைக்குழந்தையின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் ரத்தத்தை அதிகம் கூட்ட முடியாது, துடிப்பை நம்பித்தான் வண்டி ஓடுகிறது. அதனால் துடிப்பை ஏற்றும் அட்ரோபின் மருந்தை ஊசியில் ஏற்றித் தயாராக வைத்திருப்பார்கள், கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் கணக்கில். முன்பு எல்லாக் குழந்தைக்கும் கட்டாயம் கொடுத்தார்கள். இப்போது தேவையானவர்களுக்கு மட்டும் கொடுக்கிறார்கள். பிள்ளையின் துடிப்பு இறங்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஆக்சிஜன் குறைவை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

குழாய்க்கு முன் கொடுக்கும் மருந்துகளில் எது முக்கியம்?

என் கணக்கில் ஃபென்டனில். பெல்ஜியத்தில் பால் யான்சன் 1960 வாக்கில் உருவாக்கிய வலி நிவாரணி. மார்ஃபினைவிட ஐம்பது முதல் நூறு மடங்கு வீரியம், ஆனால் வேகமாக வேலை செய்யும். இரண்டு மில்லி கண்ணாடிக் குப்பியில் 100 மைக்ரோகிராம் இருக்கும். மூளைத்தண்டிலும் தண்டுவடத்திலும் வலிச் செய்தி கடக்கும் இடங்களில் இது உட்கார்ந்துகொள்வதால், தொண்டையிலிருந்து போகும் எச்சரிக்கை பரிவு நரம்புகளை எட்டும் முன்னே மங்கிவிடுகிறது.

பலர் கவனிக்காதது நேரம். ஃபென்டனில் ரத்தக் குழாயில் ஏறிய பிறகு முழு வேகத்துக்கு வர மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். ரப்பர் மரத்தில் விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறியபின் அதே மரம், அதே கத்தி, பால் மட்டும் வராது. இதுவும் அதே கதைதான். குழாய் போடுவதற்கு அரை நிமிடம் முன் கொடுத்த ஃபென்டனில் குழாய் போடும்போது தூங்கிக்கொண்டிருக்கும். குழாய் போட்டு எல்லாம் அடங்கி, தூண்டுதலே இல்லாத நேரத்தில் முழுசாக வேலை செய்து அழுத்தத்தைத் தரையில் தள்ளும். மருந்து தப்பில்லை, கடிகாரம்தான் தப்பு.

வழக்கமான அளவு கிலோவுக்கு 2 முதல் 3 மைக்ரோகிராம். வயதானவருக்குக் குறைப்பார்கள். பெரிய அளவை வேகமாகத் தள்ளினால் நெஞ்சுத் தசைகள் விறைத்து, மாஸ்க் வைத்து மூச்சு கொடுக்கவே முடியாமல் போகலாம். அதனால் நிதானமாகத்தான் ஏற்றுவார்கள். ஊசி ஏறியதும் சிலர் இருமுவார்கள், அது பயப்பட வேண்டியதல்ல. ஃபென்டனிலின் தம்பி ரெமிஃபென்டனில். ரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள நொதிகள் அதைச் சில நிமிடங்களில் உடைத்துவிடும். ஏறின வேகத்தில் இறங்கும் மருந்து வேண்டும் என்றால் அது.

லிக்னோகேன் பல் பிடுங்கும்போது போடுகிற மருந்துதானே? அதை ஏன் ரத்தக் குழாயில் ஏற்றுகிறார்கள்?

அதே மருந்துதான். நரம்பு செல்களின் சோடியம் வாசலை அடைக்கும். கிலோவுக்கு 1.5 மில்லிகிராம், குழாய்க்கு ஏறக்குறைய மூன்று நிமிடம் முன். இருமலை அடக்குவதில் கெட்டிக்காரன். இருமினால் தலைக்குள் அழுத்தம் ஏறும் என்பதால் தலையில் அடிபட்டவர்களுக்கு வெகுகாலம் வழக்கமாகக் கொடுத்தார்கள். ஆனால் அப்படிக் கொடுத்ததால் நோயாளிகள் நன்றாகத் தேறினார்கள் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. அதனால் பல இடங்களில் கைவிட்டுவிட்டார்கள். கொடுப்பவரைக் குறை சொல்ல மாட்டேன், கொடுக்காதவரையும்தான். ரத்த அழுத்தத்தை இது கொஞ்சம் இறக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

துடிப்பைக் குறைக்க நேராக ஒரு மருந்து இல்லையா?

உண்டு, எஸ்மோலோல். இதயத்தில் அட்ரினலின் வந்து ஒட்டும் பீட்டா ஏற்பிகளை மூடிவிடும். இதன் அரை ஆயுள், அதாவது உடம்பில் பாதி கரையும் நேரம், ஒன்பது நிமிடம்தான். சிவப்பணுக்களில் உள்ள நொதி அதைத் தின்றுவிடும். இரண்டு நிமிடப் பிரச்சினைக்கு ஒன்பது நிமிட மருந்து, பொருத்தமான ஜோடி. துடிப்பை நன்றாகப் பிடிக்கும், அழுத்தத்தை அவ்வளவாகப் பிடிக்காது. ஏற்கெனவே துடிப்பு குறைந்தவர், இதயம் ரொம்பத் தளர்ந்தவர், கடும் ஆஸ்துமாக்காரர் என்றால் யோசிப்பார்கள்.

டெக்ஸ்மெடெடோமிடின் இன்னொரு வகை. மூளைத்தண்டில் விழிப்புக்கும் பரபரப்புக்கும் நோர்அட்ரினலின் சுரக்கும் ஒரு சின்ன மையம் இருக்கிறது. அதை இந்த மருந்து அமைதிப்படுத்தும். மூச்சை அதிகம் அடக்காது, தொட்டு எழுப்பினால் எழுந்து பதில் சொல்வார்கள், திரும்பத் தூங்கிவிடுவார்கள். கிலோவுக்கு 0.5 முதல் 1 மைக்ரோகிராம், பத்து நிமிடமாகச் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் முதலில் அழுத்தம் ஏறி, அப்புறம் துடிப்பு நாற்பதுகளுக்கு இறங்கி நிற்கும். அழுத்த ஏற்றத்தையும் துடிப்பையும் சேர்த்து அடக்குவதில் நல்ல மருந்து. பத்து நிமிடப் பொறுமை இருக்கிற ஆபரேஷனுக்குத்தான் ஒத்துவரும்.

கர்ப்பகால ரத்தக் கொதிப்பில் மெக்னீசியம் சல்ஃபேட்டும், அழுத்தம் இறக்கும் லேபெடலோலும் கைகொடுக்கும். மெக்னீசியம் வலிப்பைத் தடுப்பதோடு அட்ரினலின் வெளியேறுவதையும் குறைக்கிறது. தசை தளர்த்தும் மருந்தின் நேரத்தை அது நீட்டிவிடும் என்பதால் கணக்குப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். அந்தத் தாய்க்கு ஃபென்டனிலோ ரெமிஃபென்டனிலோ கொடுத்தால், பிறக்கும் குழந்தை மூச்சு விடச் சோம்பலாக இருக்கலாம் என்று குழந்தை மருத்துவருக்கு முன்னாலேயே தகவல் போகும்.

தூக்க மருந்துகள் எல்லாம் ஒன்றுதானே?

தூங்க வைப்பதில் ஒன்று. இதயத்தை நடத்துவதில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

புரோப்போஃபோல், பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். சோயா எண்ணெயும் முட்டைக் கருவின் கொழுப்பும் கலந்த குழம்பு. ஏறும்போது கை எரியும், பலர் கடைசியாக நினைவில் வைத்திருப்பது அந்த எரிச்சலைத்தான். மூளையின் ஆக்சிஜன் தேவையைக் குறைக்கும், தலைக்குள் அழுத்தத்தையும் குறைக்கும். ஆனால் ரத்தக் குழாய்களை விரித்துவிடும், அழுத்தம் கால் பங்கோ அதற்கு மேலோ சரியும். வயதானவருக்கு இளைஞன் அளவு கொடுத்தால் பெரிய வீழ்ச்சிதான்.

கெட்டமின் எதிர்ப்பக்கம். பரிவு நரம்புகளைத் தட்டிவிட்டு அழுத்தத்தையும் துடிப்பையும் ஏற்றும். ரத்தம் இழந்து வந்தவருக்கு நல்ல துணை, நெஞ்சுவலிக்காரருக்கு அவ்வளவு நல்லதல்ல. ஒரு நுணுக்கம் உண்டு: பல நாள் காய்ச்சலிலும் கிருமித் தாக்குதலிலும் கிடந்து அட்ரினலின் கையிருப்பு தீர்ந்தவருக்கு ஏற்றிவிட ஒன்றும் மிச்சமிருக்காது. அப்போது கெட்டமின் இதயத் தசையை நேராக அடக்கும் குணம் வெளியே வந்து, அழுத்தம் இறங்கும்.

எட்டோமிடேட் இதயத்தை ஏறக்குறைய தொடாமலே தூங்க வைக்கும். அதற்கு விலை, அட்ரினல் சுரப்பி கார்ட்டிசோல் செய்வதைச் சில மணி நேரம், சிலரிடம் ஒரு நாள் வரை, தடுத்துவிடும். மிடசோலாம் பயத்தை எடுக்கும், நடந்ததை மறக்க வைக்கும். தியேட்டர் வாசலில் நடுங்கிக்கொண்டிருக்கும் ஆளுக்கு ஒரு மில்லிகிராம் போதும். பயத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் துடிப்பு அதிலேயே பாதி அடங்கும்.

எல்லாரும் அழுத்தம் ஏறுவதையே பேசுகிறார்கள். இறங்கினால்?

நல்ல கேள்வி, இதைத்தான் அதிகம் கேட்க வேண்டும். ஏற்றம் ஐந்து பத்து நிமிடத்தில் தானாகத் தணியும். இறக்கத்தை யாராவது கையிட்டுச் சரிசெய்ய வேண்டும். குழாய் போட்டபின் அழுத்தம் சரிவது, அதிலும் அவசர சிகிச்சையில், சாதாரணமாக நடப்பது.

காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். தூக்க மருந்து குழாய்களை விரிக்கிறது. வலி மருந்து, இத்தனை நேரம் உடம்பைத் தூக்கி நிறுத்திய பரிவு நரம்புகளைத் தளர்த்துகிறது. மூச்சுத்திணறலில் போராடியவருக்குப் போராட்டம் நின்றதும் அட்ரினலின் வற்றுகிறது. மெஷின் காற்றை உள்ளே தள்ளும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. காலையிலிருந்து பட்டினி, வாந்தி, வயிற்றுப்போக்கு என்று உடம்பில் நீர் வேறு இல்லை.

ஆகவே முன்மருந்தைக் கொடுக்கக் கையெடுக்குமுன் பார்க்க வேண்டியது துடிப்பையும் மேல் அழுத்தத்தையும் சேர்த்து. துடிப்பு 120, மேல் அழுத்தம் 95 என்று வந்தவருக்கு ஃபென்டனில் கொடுத்து 'ஏற்றத்தைத் தடுக்கிறேன்' என்று சொன்னால், தடுக்க ஏற்றம் எங்கே இருக்கிறது? அவருக்குத் தேவை முதலில் நீர், ரத்தம், அழுத்தத்தை ஏற்றும் ஃபினைலெஃப்ரின் அல்லது நோர்அட்ரினலின் ஊசி தயாராக, தூக்க மருந்து பாதி அளவில். அவசரப் பிரிவில் முன்பு எல்லாருக்கும் வரிசையாகக் கொடுத்த முன்மருந்துகள் இப்போது குறைந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம்.

செம்பனைக் குலை தலையில் விழுந்தது, மோட்டாரில் விழுந்து தலையில் அடி – இவர்களுக்கு எப்படி?

மண்டை ஓடு இறுகிய பெட்டி. உள்ளே வீக்கமோ ரத்தக் கட்டோ வந்தால் அழுத்தம் ஏறும். மூளைக்குப் போய்ச்சேரும் ரத்தத்தின் தள்ளுவிசை என்பது சராசரி ரத்த அழுத்தத்திலிருந்து தலைக்குள் அழுத்தத்தைக் கழித்த மிச்சம். சராசரி அழுத்தம் 90, தலைக்குள் 10 என்றால் மிச்சம் 80. தலைக்குள் 30-க்கு ஏறினால் 60. அந்த நேரத்தில் தூக்க மருந்தால் சராசரி அழுத்தம் 55-க்கு விழுந்தால் மிச்சம் 25, மூளை பட்டினி.

ஆரோக்கியமான மூளை, அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் தன் ரத்தக் குழாய்களைச் சுருக்கி விரித்துச் சமாளித்துக்கொள்ளும். அடிபட்ட மூளை அந்தத் திறமையை இழந்திருக்கலாம். அப்போது குழாய் போடும்போது ஏறும் அழுத்தம் நேராக மூளைக்குள் போய் வீக்கத்தைக் கூட்டும். இறங்கும் அழுத்தமும் நேராகப் பட்டினி போடும். இரண்டு பக்கமும் பள்ளம்.

இரண்டில் எது மோசம் என்றால், இறக்கம். கடும் தலைக்காயத்தில் மேல் அழுத்தம் 90-க்குக் கீழே போனவர்களின் இறப்பு ஏறத்தாழ இரட்டிப்பானதாக 1993-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. இன்றைய வழிகாட்டுதல்கள் 15 முதல் 49 வயதுக்கும் 70-ஐத் தாண்டியவர்களுக்கும் 110-க்குக் குறையாமல், 50 முதல் 69 வயதுக்கு 100-க்குக் குறையாமல் மேல் அழுத்தத்தை வைக்கச் சொல்கின்றன. கெட்டமின் தலைக்குள் அழுத்தத்தை ஏற்றும் என்று 1970-களிலிருந்து பயந்து ஒதுக்கினார்கள். சரியாக மூச்சு கொடுக்கப்படும் நோயாளியிடம் அந்தப் பயம் மிகையானது என்று இப்போது தெளிந்துவிட்டதால், அழுத்தம் குறைந்த தலைக்காயக்காரருக்குத் துணிந்து கொடுக்கிறார்கள்.

பூச்சிமருந்து குடித்தவருக்கோ, தெளிக்கும்போது பாதிக்கப்பட்டவருக்கோ குழாய் போட்டால்?

தோட்டத்து ஊர்களில் இதைக் கட்டாயம் பேச வேண்டும். செம்பனையில் பைப்புழு தாக்கினால் மரத்தண்டில் துளையிட்டு மெத்தமிடோஃபோஸ் ஊற்றுவது உங்களில் பலருக்குத் தெரியும். அது ஆர்கனோபாஸ்பேட் வகை. அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்தியை உடைக்கும் நொதியை அது முடக்கிவிடும். கண்பாவை சுருங்கும், எச்சில் வழியும், நெஞ்சில் சளி நிறையும், துடிப்பு இறங்கும். குழாய் போடும் அவசரத்தில் தசை தளர்த்த சக்ஸாமெத்தோனியம் கொடுப்பது வழக்கம், பத்து நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும் மருந்து. அதை உடைப்பதும் அதே குடும்பத்து நொதிதான். நொதி முடங்கிய உடம்பில் அது மணிக்கணக்கில் நீடிக்கும். அதனால் ரோக்குரோனியம் மாதிரி வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார்கள். அட்ரோபினை நெஞ்சின் சளிச்சத்தம் அடங்கும் வரை இரட்டித்து இரட்டித்துக் கொடுப்பார்கள்.

பேரகுவாட் களைக்கொல்லி இன்னொரு கதை. மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை. பழைய கொட்டகையில் எங்காவது ஒரு போத்தல் கிடந்து யாராவது குடித்துவிட்டால், ஆக்சிஜனே நுரையீரல் சேதத்தைக் கூட்டும் என்பதால் மருத்துவர் அதையும் அளந்துதான் கொடுப்பார். கிளைபோசேட் களைக்கொல்லி இந்த நொதியை முடக்குவதில்லை. எது குடித்தார் என்று தெரியாமல் மருத்துவர் இருட்டில் தடவ வேண்டியிருக்கும். ஆகவே ஆம்புலன்ஸில் ஏறும்போது போத்தலையும் நன்றாக மூடி, பையில் கட்டி எடுத்துப் போங்கள். லேபிள் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.

ஆபரேஷன் அன்று காலை ரத்தக் கொதிப்பு மாத்திரை போடலாமா?

எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. பிசோப்ரோலோல், மெட்டோப்ரோலோல் மாதிரி பீட்டா பிளாக்கர் வழக்கமாகச் சாப்பிடுகிறவர் நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் இதயம் அட்ரினலினுக்கு அளவுக்கு மீறித் துள்ளும். குழாய் போடும் நேரத்தில் அது வேண்டாத வேலை. ஆனால் இதுவரை சாப்பிடாதவருக்கு ஆபரேஷனுக்குச் சற்று முன் புதிதாகப் பெரிய அளவில் ஆரம்பிப்பதும் ஆபத்து. 2008-இல் வெளிவந்த பாய்ஸ் ஆய்வில், அப்படி மெட்டோப்ரோலோல் ஆரம்பித்தவர்களுக்கு மாரடைப்பு குறைந்தது, பக்கவாதமும் இறப்பும் கூடியது.

அம்லோடிபின் வழக்கம்போல். பெரிண்டோப்ரில், லோசார்ட்டான் வகையை முந்தின நாளோடு நிறுத்தச் சொல்லும் மருத்துவர்கள் அதிகம். அவை உடம்பில் இருக்கும்போது தூக்க மருந்தால் விழுந்த அழுத்தம் எழும்ப அடம்பிடிக்கும். இனிப்பு நீருக்கு எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர்கள் மூன்று நாள் முன்னதாக நிறுத்த வேண்டும் என்பது வழிகாட்டுதல். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மயக்க மருந்து கிளினிக்குக்குப் போகும்போது வீட்டிலுள்ள மருந்துப் பையை அப்படியே கொண்டுபோய் மேசையில் கொட்டுங்கள். 'ஒரு வெள்ளை மாத்திரை, ஒரு சின்ன சிவப்பு மாத்திரை' என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

ஜாமு (மலாய் மூலிகை மருந்து), நாட்டு மருந்து, ஆண்மைக் காப்பி – இதையெல்லாம் சொல்லணுமா?

கட்டாயம் சொல்லணும், கூச்சம் வேண்டாம். மூட்டுவலிக்கு என்று கடையில் விற்கும் சில ஜாமுகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை பிடித்து எச்சரித்திருக்கிறது. மாதக்கணக்கில் அதைக் குடித்தவரின் அட்ரினல் சுரப்பி வேலையை மறந்து படுத்திருக்கும். மயக்கம் கொடுத்ததும் அழுத்தம் விழும், வழக்கமான மருந்துக்கு எழும்பாது. ஸ்டீராய்டு ஊசி போட்டால்தான் எழும்பும். தெரிந்தால் இரண்டு நிமிட வேலை, தெரியாவிட்டால் தியேட்டரே வியர்க்கும்.

ஆண்மைக் காப்பிகளில் சில்டெனஃபில் கலப்படமும் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து சாப்பிடுகிறவருக்கு அது சேர்ந்தால் அழுத்தம் பாதாளத்துக்குப் போகும். மனைவி பக்கத்தில் இருக்கிறார் என்று மறைக்கிற ஐயாக்கள் உண்டு. தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லுங்கள், மருத்துவர் புரிந்துகொள்வார்.

கள், சம்சு, பீர்?

தினமும் குடிப்பவருக்குத் தூக்க மருந்து கூடுதலாகத் தேவைப்படலாம். ஆபரேஷனுக்காகத் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வேர்வை, துடிப்பேற்றம், சிலருக்கு வலிப்பு. அந்தப் பரபரப்போடு குழாய் போட்டால் ஏற்றம் பலமடங்கு. எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டால் பாதியாகக் குறைத்துச் சொல்லும் வழக்கத்தை அன்று ஒருநாள் விட்டுவிடுங்கள்.

பசியாறிவிட்டுப் போகலாமா?

கூடாது. சாப்பாட்டுக்கு ஆறு மணி நேரம், நாசி லெமாக், ரொட்டி சானாய் மாதிரி எண்ணெய்ச் சாப்பாட்டுக்கு எட்டு. தே தாரேயும் மைலோவும் பால் கலந்தவை என்பதால் அவையும் சாப்பாட்டுக் கணக்குதான். வெறும் தண்ணீர், பால் இல்லாத தே ஓ இரண்டு மணி நேரம் முன்வரை குடிக்கலாம், உங்கள் மருத்துவமனை வேறு மாதிரி சொல்லாவிட்டால். தண்ணீரையும் சேர்த்து முந்தின இரவோடு நிறுத்திவிட்டு வறண்டுபோய் வருபவர்களுக்கு அழுத்தம் அதிகம் விழுகிறது.

துடிப்பு ஏறுகிறது என்றால் நோயாளி விழித்திருக்கிறார் என்று அர்த்தமா?

தேவையில்லை. முன்னே சொன்ன மாதிரி அது மூளைத்தண்டின் வேலை. ஆனால் தசை தளர்ந்து அசைய முடியாமல் கிடப்பவர் விழித்துக்கொண்டால் வெளியே தெரியாது என்பதும் உண்மை. 2014-இல் வெளிவந்த பிரிட்டன் நாட்டளவிலான ஆய்வில், ஏறக்குறைய 19,000 முழு மயக்கங்களுக்கு ஒருவர் அப்படி விழித்திருந்ததாகப் புகார் செய்தது பதிவானது. தசை தளர்த்தும் மருந்து கொடுத்தவர்களிடம் 8,000-க்கு ஒருவர். எனவே துடிப்பு ஏறினால் பீட்டா பிளாக்கரால் அதை அமுக்குமுன், தூக்கம் போதுமா என்று பார்ப்பதுதான் முறை. எஸ்மோலோல் துடிப்பை மட்டும் மறைக்கும், தூங்க வைக்காது.

கேமரா வைத்த கருவியால் இந்தப் பிரச்சினை தீராதா?

கொஞ்சம் குறையும். வீடியோ லாரிங்கோஸ்கோப்பில் நாக்கை அவ்வளவு பலமாகத் தூக்க வேண்டியதில்லை. ஆனால் குழாய் மூச்சுக்குழலுக்குள் நுழைவதே ஒரு தூண்டுதல். அதைக் கேமரா தடுக்காது.

குழாயை எடுக்கும்போதும் இதே கதையா?

ஆமாம், பலரும் மறந்துவிடும் பகுதி. எடுக்கும்போது மயக்கம் தெளிந்துகொண்டிருக்கும், இருமல் வரும், அழுத்தமும் துடிப்பும் மறுபடி ஏறும். தொடக்கத்தில் கொடுத்த ஃபென்டனில் அதற்குள் தீர்ந்திருக்கும். மூளை ஆபரேஷன், கண் ஆபரேஷன், இதயக்காரர் என்றால் எடுக்குமுன் லிக்னோகேன், சிறு அளவு ரெமிஃபென்டனில், எஸ்மோலோல் என்று ஏதாவது ஒன்றைத் திட்டமிட்டு வைத்திருப்பார்கள். வார்டுக்கு வந்தபின் தொண்டை கரகரப்பு ஓரிரு நாள் இருக்கும். தண்ணீர் குடிக்கலாம் என்று நர்ஸ் சொன்னதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். மூன்று நாளுக்கு மேல் குரல் திரும்பாவிட்டாலோ, விழுங்கும்போது வலி கூடினாலோ, மூச்சு விடும்போது சீறும் சத்தம் கேட்டாலோ மருந்துக்கடைக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.